இருப்பதிலேயே பெரிய ஃபைல்

எங்கள் கல்யாண டிவிடியை மாற்றி டிவி ரெக்கார்டரில் ஏற்றும் வேலையை நான்தான் வீம்பாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிள்ளானில் ஒரு கடையில் கொடுக்கலாம் என்றார் கணவர். "கடையெல்லாம் எதுக்கு? நானே செய்றேன் லா!"

கணினியில் திறந்தால் உள்ளே ஏழெட்டு ஃபைல்கள். இருப்பதிலேயே பெரியதில்தான் தாலிகட்டு இருக்கும் என்று முடிவுகட்டி, அதை மட்டும் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்திங் ஊரிலிருந்து மாமியார் வீட்டுப் பட்டாளமே வந்து உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினேன். மணமேடையைக் காணோம், ஐயரையும் காணோம். வாழையிலை! கோயில் மண்டபத்தில் பந்தி பந்தியாக ஆட்கள் சாப்பிட்டதை வீடியோக்காரர் ஒரு வாய் விடாமல் எடுத்திருந்தார்.

எனக்கு மானமே போனது. நிறுத்தப்போன என் கையை மாமியார் பிடித்துக்கொண்டார். "இரும்மா! அடுத்த இலை நான்தான்!"

வாயில் பாதி அப்பளத்தோடு திரையில் அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்ததும் வீடே அதிர்ந்தது. நாத்தனார் மறுபடியும் மறுபடியும் பாயசம் வாங்கிய இடத்தைத் எல்லாரும் திரும்பத் திரும்பப் போடவைத்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. தாலிகட்டை ஒருவரும் கேட்கவில்லை.

ஒருவழியாக வீடியோவின் கடைசிப் பந்தியில், பட்டுப்புடவையும் பசியுமாக நான் வந்து உட்கார்ந்தேன். அதைப் பார்க்க ஆளில்லை. எல்லாரும் எழுந்து சமையலறைக்குச் சோறு போட்டுக்கொள்ளப் போயிருந்தார்கள்.