மூன்று விரல் உயரம்

அந்தப் படகுத்துறையில் மோட்டார் பழுது பார்க்கும் ஷெட்டுகள் இரண்டு. எதிரெதிராக நிற்கும், நடுவே படகுகளை இழுத்து ஏற்றுகிற சிமெண்டுச் சரிவு மட்டும். ஒன்று பெரிய மாப்பிள்ளையுடையது, மற்றது சின்ன மாப்பிள்ளையுடையது. அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மாமியார் வீட்டில் கூப்பிடுகிற பெயரே எப்படியோ துறை முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர், சின்னவர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

பெரியவர் அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கடை போட்டிருந்தவர். படகு வளைவில் திரும்பி வரும்போதே சத்தத்தைக் கேட்டு, "பிளக்கில கரி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சின்னவர் எங்கோ ஒரு பெரிய கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து எதிரே ஷெட் போட்டார். போடும் முன் பெரியவரிடம் வந்து கேட்டார். "தாராளமா போடு, ஆத்துல தண்ணிக்கா பஞ்சம்?" என்று பெரியவர் சொன்னார். சொன்ன வாய் அன்றைக்கே கசந்துவிட்டது.

முதலில் சின்னச் சின்ன விஷயம்தான். சின்னவர் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே பெயின்ட் அடித்து மாட்டிவைத்தார். ஒன்று குறைந்தாலும் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவரின் ஸ்பேனர்கள் எல்லாம் ஒரே தகர டப்பாவில் கிடந்தன. அங்கே நாற்காலி போட்டிருந்தது. இங்கே கவிழ்த்த டீசல் டின். ஒருநாள் பெரியவரின் மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரர் கையைத் துடைச்சிட்டுத்தான் ஆளுங்ககிட்ட பேசறார், பார்த்தீங்களா?" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று பெரியவர் வேண்டுமென்றே கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்து திட்டு வாங்கினார்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகச் சரிவின் அந்தப் பக்கம் போனார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஆனால் படகுக்காரம்மா போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காலையும் மாலையும் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற படகு அவளுடையது. அவள் மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல்முதலாக மாட்டிக்கொடுத்தவரே பெரியவர்தான்.

அந்தப் படகில்தான் கோளாறு வந்தது. மோட்டார் மாட்டுகிற பின்பலகை உளுத்துப்போனதென்று தச்சரைக் கொண்டு புதுப்பலகை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு, நேராகப் போகும்போது ஒழுங்காக ஓடுகிற மோட்டார், திருப்பினால் வீறிட்டுக் கத்தும். படகு நின்ற இடத்திலேயே தள்ளாடும். சின்னவர் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். சுற்று எண்ணுகிற மீட்டரை மாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். புரொப்பல்லரில் லேசாக மடங்கியிருந்த இறக்கையை நிமிர்த்தினார். எதுவும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை படகு ஒரு சுற்றுப் போய்வந்ததைப் பெரியவர் தன் ஷெட்டிலிருந்தே பார்த்தார். ஒரு பார்வை போதுமாக இருந்தது. புதுப்பலகை பழையதைவிட மூன்று விரல் உயரம் கூடுதல். அதன்மேல் தொங்குகிற மோட்டாரும் மூன்று விரல் மேலே ஏறிவிட்டது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டைத்தகடு படகின் அடிப்பாகத்துக்கு நேராக இருக்கவேண்டும். இதுவோ திருப்பும்போது தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அப்புறம் புரொப்பல்லர் தண்ணீரையா தள்ளும்? காற்றை உறிஞ்சிக்கொண்டு சும்மா சுற்றும்.

போய்ச் சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை. அவர் சொல்லவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்த மனிதருக்கு இரண்டு வருடத்தில் முதல்முறையாக உள்ளே ஜில்லென்று இருந்தது. மீட்டர் வைத்துப் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளித்தார். "என்ன, இன்னிக்கு முகம் இவ்வளவு தெளிவா இருக்கு?" என்று மனைவி கேட்டாள். "வேலை குறைவு" என்றார்.

வியாழக்கிழமை காலை படகுக்காரம்மா, நேராகத்தானே போகிறோம் என்று, பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை மிதந்து வர, சட்டென்று திருப்பினாள். மோட்டார் கத்தியது. படகு நகரவில்லை. நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய பாலத்தின் தூணில் மோதவிட்டது. யாரும் தண்ணீரில் விழவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது.

கரையில் கூட்டம் கூடியது. பெரியவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த நேரத்திலும் மனசு ஒரு வேலை செய்தது. இப்போது போய்ச் சொன்னால் எல்லார் முன்னாலும் தன் திறமையைக் காட்டின மாதிரி இருக்கும் என்று அது கணக்குப் போட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

"தள்ளுங்க. மோட்டார்ல ஒண்ணுமில்ல. பலகை உசரம்" என்று அளந்து காட்டினார். மோட்டாரைக் கழற்றச் செய்து, ரம்பம் கொண்டுவரச் சொல்லிப் பலகையின் மேல்விளிம்பை மூன்று விரல் அறுத்தார். மோட்டாரை இறக்கி மாட்டி, போல்ட்டை முறுக்கினார். தகடு அடிப்பாகத்தோடு நூல் பிடித்தமாதிரி நின்றது. சின்னவர் எடுபிடி மாதிரி மோட்டாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கப் பெரியவருக்கு உச்சி குளிர்ந்தது.

"ஓட்டிப் பாரும்மா" என்றார்.

படகு மெதுவாகப் போய்த் திரும்பியது. கத்தவில்லை. ஆட்கள் தலையாட்டினார்கள். படகுக்காரம்மா முழுவேகம் கொடுத்தாள். மோட்டார் உறுமியது, படகு ஆமை மாதிரி ஊர்ந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் பிளக்கைப் பார்த்தார், எரிபொருள் குழாயைப் பார்த்தார். வியர்த்தது. சின்னவர் மெல்ல, "அண்ணே, நான் ஒண்ணு பார்க்கட்டுமா?" என்றார். புரொப்பல்லரில், தண்டோடு சுற்றுகிற நடுக்குழலிலிருந்து இறக்கைகள் பொருந்திய வெளிக்குழல் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரே கோடு இழுத்தார். காய்ந்ததும் மறுபடி ஓட்டச் சொன்னார். திரும்பி வந்தபோது கோடு இரண்டாகப் பிரிந்து விரலளவு தள்ளி நின்றது.

"ரெண்டு குழலுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் புஷ் பிடிப்பு விட்டுப்போச்சு. தண்டு சுத்துது, இறக்கை கூடவே சுத்தல. தூண்ல அடிச்ச அடியில போயிருக்கு" என்றார் சின்னவர். வேறு புரொப்பல்லர் மாட்டினார்கள். படகு பறந்தது. எல்லாரும் சின்னவரைத்தான் தட்டிக்கொடுத்தார்கள்.

தூணில் அடித்த அடி என்ற வார்த்தை பெரியவரைச் சுட்டது. அந்த அடி யாரால் வந்தது என்று அந்த இடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்தார். அதுவும் தப்பு.

கூட்டம் கலைந்த பிறகு சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அளக்கறதுக்கு முன்னாடியே பலகைன்னு சொன்னீங்களே. எப்பலேருந்து தெரியும்ணே?"

பொய் சொல்லப் பெரியவர் வாயைத் திறந்தார். "செவ்வாய்க்கிழமை" என்றுதான் வந்தது.

"உங்ககிட்ட கேக்கலாம்னு ரெண்டு தடவை சரிவு பாதி வரைக்கும் வந்தேன். நீங்க ரேடியோ சத்தத்தைக் கூட்டிட்டு முதுகைத் திருப்பிட்டீங்க." அதற்குமேல் சின்னவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பெரியவருக்குத் தோன்றியது. இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே என்று அதற்கும் எரிந்தது.

அன்று மாலை அவர் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். மிஷின் மேல் துணி பாதி தைத்தபடி கிடந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னார்.

"இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? சொன்னா எலும்பு சேர்ந்திடுமா?" என்றாள்.

"சேராதும்மா."

"அப்போ தண்ணிக் குடத்தைத் தூக்கி உள்ள வச்சிட்டுப் போங்க. ஒத்தைக் கையால முடியல."

வைத்தார். மறுநாளும் போய்த் தண்ணீர் பிடித்து வைத்தார். ஆறு வாரம் கட்டுப் பிரிக்கிறவரை போனார். அவள் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. சின்னவர் ஷெட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் பெரியவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். படகுக்காரம்மாவும் திரும்பி வரவில்லை. ஆனால் போகிற படகில் ஏதாவது தப்பாகக் கேட்டால், அது யார் வேலை பார்த்த படகாக இருந்தாலும், மனிதர் எழுந்துவிடுவார். கசப்பு மருந்து குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சரிவின் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி, "சகலை, அந்த நீலப்படகு கியர்ல சத்தம் வருது, பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.