புளி போட்டுக் கழுவிய டிரம்

ஆய்வகத்தில் பூச்சிமருந்துப் புட்டியைத் திறந்ததும், அந்த நெடி என்னைப் புதூர்நாட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது.

அந்தக் கோடையில் சுனை வற்றிக்கொண்டிருந்தது. பசுவுக்குத் தண்ணீர் சேர்த்துவைக்க, அப்பா ஒடுகத்தூரில் காலிப் பூச்சிமருந்து டிரம் ஒன்று வாங்கிவந்தார். மண், சாம்பல், புளி என்று மூன்று முறை தேய்த்தார். புளிக்குப் போகாத அழுக்கே இல்லை என்பது எங்கள் மலையில் எல்லோருடைய நம்பிக்கை.

அதில் ஊற்றிவைத்த தண்ணீரைச் சினைப்பசு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

“மகாராணிக்கு வெள்ளிக் கிண்ணியில குடுக்கணுமா?” என்றார் அப்பா.

அம்மா குனிந்து முகர்ந்தாள். “இன்னாய்யா இது, மருந்து நாத்தம் அப்படியே கீது! அதுக்கு வவுத்துல கன்னு வேற. மொதல்ல நீ குடிச்சிக் காட்டு.”

அப்பா டிரம்மைக் கவிழ்த்தார். வேறு யாரும் தண்ணீர் பிடிக்காதபடி கடப்பாரையால் அடியில் ஓட்டை போட்டார். பிறகு குடத்தோடு சுனைக்கு நடந்தார். கொண்டுவந்த தண்ணீரைப் பசு குடித்து முடித்த பிறகுதான் தன் சொம்பைத் தொட்டார்.