காலுக்கு என்ன அவசரம்?

சி.டி. ஸ்கேன் எடுக்கிறவன் உடம்பைக் கதிர்வீச்சை விடக் கோபம்தான் அதிகம் கெடுக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் மிஷினை ஓட்டுகிறவன் நான். மூட்டு நொறுங்கினால் எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று சி.டி.யில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு வாரத்துக்குள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். விட்டால் எலும்பு கோணலாகவே கூடிப்போகும், ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்த நீங்களும் என் கட்சிதான், கேளுங்கள்.

தலைக்குத்தானே ஸ்கேன்?

உச்சிப்புளிப் பக்கம் டிராக்டர் கவிழ்ந்து ஒரு விவசாயிக்கு மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கூட வந்த அண்ணன்காரர் என்னை வேலை செய்யவே விடவில்லை. சி.டி. என்றால் தலைக்குத்தானாம், கைக்கு எடுப்பது ஏமாற்று வேலையாம். தம்பி கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், இவர் எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கிறார். அரை மணி நேரம் கத்திவிட்டுத்தான் கையைப் படம் எடுத்தேன். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்:

"இம்புட்டுப் பெரிய மிஷினை வச்சுக்கிட்டு கையை மட்டும் பார்த்தா எப்புடி? தலையையும் ஒருதடவை உள்ள விட்டு எடுத்துருங்க."

மெட்டி

களையெடுக்கப் போன பெண்ணின் பாதத்தில் லாரிச் சக்கரம் ஏறியிருந்தது. விரலில் மெட்டி கிடந்தால் படம் முழுக்க வெள்ளைக் கோடு பாயும், எலும்பு தெரியாது. கழற்றச் சொன்னேன். மாமியார் வாசலை மறித்து நின்றுகொண்டார். அந்தப் பெண் வலியில் உதட்டைக் கடித்தபடி மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்திப் பார்த்தேன். மெட்டிக்குப் பதிலாக மஞ்சள் நூல் சுற்றிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் நகர்ந்தார். அதுவரை அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்:

"கால் போனா கம்பு ஊண்டிக்கிருவா. மெட்டி போனா எம் மகன் கதி என்னாகும்?"

எண்ணெய்க் கட்டு

தங்கச்சிமடம் அந்தோணி விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வலை இழுக்கும் கயிறு தெறித்து வலது முழங்காலில் அடித்திருந்தது. என் மிஷினுக்கு வந்தபோது மூன்றாவது வாரம். முழங்காலைச் சுற்றி மூங்கில் பட்டை வைத்து நாட்டு வைத்தியர் போட்ட எண்ணெய்க் கட்டு. படகுக்காரர் கூடவே வந்திருந்தார். அந்தோணி வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நிரூபிக்க வந்தவர் அவர்.

"கால் விரலை ஆட்டுறான்ல? அப்புறம் எலும்பு எங்க உடைஞ்சிருக்கு? கடலுக்கு வர மனசில்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

டாக்டர் சீட்டு

படத்தைப் பார்த்தேன். முழங்காலுக்கு அடியில் எலும்பின் மேல்தளம் அப்படியே குழிந்து, அந்தக் கோணலிலேயே கூட ஆரம்பித்திருந்தது. படகுக்காரரைத் திட்டினேன், கட்டுப் போட்டவரைத் திட்டினேன், கடைசியில் அந்தோணியையும் பிடித்துக்கொண்டேன். "இத்தனை நாள் எங்கய்யா போயிருந்த? ஆடுற படகுல இந்தக் காலை வச்சு இனி எப்படி நிப்ப?"

அவர் கோபப்படவே இல்லை. எண்ணெய்க் கறை படிந்த டாக்டர் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதன் ஓரத்தில் ஒரு தேதி. என் கையெழுத்து.

"அடிபட்ட மறுநாளே இங்கன வந்தேன் சார். பஸ்சு கவுந்து தலையில அடிபட்டவுக நெறைய கிடக்காக, காலுக்கு என்ன அவசரம், பத்து நாள் கழிச்சு வான்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீக. வலி பொறுக்கல, கட்டுக்குப் போனேன். கட்டைப் பிரிக்கக் கூடாதுன்னுட்டாக, அதான் சொன்ன நாளுக்கு வர முடியல."

அன்றிலிருந்து யார் மேல் கத்துவதற்கு முன்னாலும், சீட்டின் ஓரத்தில் இருப்பது யார் கையெழுத்து என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.