'நிங்ஙள்' என்றொரு மரியாதை

டாக்டரின் அறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டுத்தான் அது தொடங்கும். உள்ளே இருப்பவரின் கால்கள் வெளியே நிற்பவருக்குத் தெரியும். வெளியே நிற்பவரின் கால்கள் உள்ளே இருப்பவருக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வட்டவடைப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஜீப்பில் திரும்பி ஓடிவந்தவள், திரைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். சொல்ல வேண்டியதை மலையாளத்தில் வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். சரியில்லை என்று தோன்றியது. வார்த்தையை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினேன். மேலே ஒரு வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறிப்போன ரத்த அழுத்தத்தோடு படுத்திருக்கிறாள். இங்கே நான் இலக்கணம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "சிஸ்டரே, எத்ர நேரமாயி அவிடெ நில்க்குந்நு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்பது என்று கேட்கிறார். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. 

இப்படி நின்றது அது முதல் தடவை அல்ல. நான் பாலக்காட்டு வடகரப்பதிக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைத்தெருவில் மட்டும் மலையாளம் என்று வளர்ந்தவள். நர்ஸ் வேலை கிடைத்ததும், தமிழ் தெரிந்த பிள்ளை என்பதால் இடுக்கி மலைமேல் இருந்த ஒரு சின்ன அரசு சுகாதார மையத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். ஊசி போடவோ பிரசவம் பார்க்கவோ எனக்குக் கை நடுங்கியதில்லை. மேலதிகாரிகளிடம் பேசத்தான் நடுங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. யாரிடமாவது ஒன்று கேட்க வேண்டுமானால், அவர் என்ன பதில் சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று ஒரு நாடகமே மனதுக்குள் நடந்து முடியும். அது முடிவதற்குள் அவர் போயிருப்பார். "பேசறதுக்கு முன்னாலயே வேர்த்துப் போயிருவா எம்புள்ள" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமை போலவே சொல்லுவாள்.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் புது லேடி டாக்டர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவருக்கும் அதுதான் முதல் தனிப் பொறுப்பு. வருவதற்கு முந்தின நாளே அறையைத் துடைத்து, மேசைக்குப் புதுவிரிப்புப் போட்டு, வரவேற்பு வாக்கியத்தையும் தயார் செய்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததிலேயே மரியாதையான வாக்கியம் அது. அவர் உள்ளே நுழைந்ததும், "நிங்ஙள் இரிக்கூ டாக்டர், ஞான் சாய கொண்டுவராம்" என்றேன். நீங்கள் உட்காருங்கள், டீ கொண்டுவருகிறேன் என்பதைத்தவிர அதில் வேறொன்றும் இல்லை. டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "சாய வேண்டா" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

அன்று முழுவதும் எனக்கு அதே யோசனை. டீ பிடிக்காதவரோ? விரிப்பின் நிறம் பிடிக்கவில்லையோ? மறுநாள் மரியாதையைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். நிங்ஙள் சாப்பிட்டீர்களா, நிங்ஙளுக்கு இந்த ஃபைல் வேண்டுமா என்று வாக்கியத்துக்கு ஒரு நிங்ஙள் வைத்தேன். எண்ணெயை ஊற்றி நெருப்பை அணைக்கப் பார்த்த கதைதான். டாக்டர் ஆமாம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். மதியச் சாப்பாட்டை அறைக்குள்ளேயே தனியாகச் சாப்பிட்டார். நானும் பயந்துபோய்ப் பேச்சைக் குறைத்தேன். சொல்ல வேண்டியதை மருந்து கொடுப்பவரிடம் சொல்லி அனுப்புவேன். அவர் பாவம், எங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரர் வேலையும் சேர்த்துப் பார்த்தார். ஊருக்குப் போன் செய்தால் அம்மா விடமாட்டாள். "ஏங்கண்ணு, டாக்டரம்மாகிட்ட ரெண்டு வார்த்த சிரிச்சுப் பேசுனா கொறஞ்சா போயிருவே? ஒரே எடத்துல வேல பாக்கறவிய இப்பிடி இருந்தா நல்லாவா இருக்குது?" என்பாள். சிரித்துப் பேசித்தானே இந்த நிலைமை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. டாக்டருக்கு வைத்தியம் நன்றாகத் தெரியும். கையும் ரொம்ப மென்மை. ஆனால் அவருடைய தமிழ் சினிமா பார்த்து வந்த தமிழ். அதில் 'நீங்கள்' என்ற சொல்லே இல்லை. காரட் வயலிலிருந்து மண் காலோடு வரும் எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து, "நீ வா, இங்கே இரு, உனக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்பார். கேட்கும்போது முகம் முழுக்கச் சிரிப்பு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அடிக்க வருகிற மாதிரி இருக்கும். அந்த மலையூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மரியாதையைச் சோற்றுக்கு முன்னால் வைத்தவர்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். மறுமுறை வராமல் இருந்துவிடுவார்கள். வாசலில் கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. ஏன் என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் என்னோடு சரியாகப் பேசவே விரும்பாத ஒரு அதிகாரியிடம் போய், உங்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற வேலை என் தலையில் விழக் கூடாது என்று தினமும் சாமியைக் கும்பிட்டேன்.

அந்தக் கர்ப்பிணி ஒருநாள் தன் மாமியாரோடு சோதனைக்கு வந்திருந்தாள். மாமியார் திடகாத்திரமான மனுஷி. வெள்ளைப்பூண்டு வயலில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். மருமகளைச் சோதிப்பதற்காகத் திரையை இழுத்த டாக்டர், அவரைப் பார்த்துச் சிரித்து, "நீ வெளியே போ, அங்கே இரு" என்றார். கொஞ்சம் வெளியில் உட்காருங்கள் அம்மா என்பதுதான் அவர் மனதில் இருந்தது. இதைக் கோயில் வாசலில் நின்றுகூடச் சத்தியம் செய்வேன். மாமியார் எழுந்து வெளியே போனார். உட்காரவில்லை. மருமகள் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர்தான். அடுத்த சோதனைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் நானே ஒரு காலையில் ஜீப் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலை வலிக்குது, கண்ணு மங்குது என்றாள். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தேன். கருவியில் ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கே மூணாறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தம்மா சீட்டுத்தான குடுக்கணும்? எம் மருமவ முன்னால என்னய நாயி வெரட்டுற மாதிரி நீ வெளிய போங்குது. அந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன் நர்சம்மா. எங்க காலத்துல ஆஸ்பத்திரியா பாத்துப் புள்ள பெத்தோம்? நீங்க போயிட்டு வாங்க" என்றார். கெஞ்சிப் பார்த்தேன். அந்த இடத்தில் போன் சிக்னலும் கிடையாது. அங்கிருந்து இறங்கி ஓடிவந்துதான் பச்சைத் திரைக்கு முன்னால் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் கோத்து வைத்தது எல்லாம் உதிர்ந்துவிட்டது. தமிழிலேயே கொட்டினேன். அவள் கால் வீக்கம், கண் மங்கல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் உடனே எழுந்து பையை எடுத்தார். "ஆனா அவங்க வரமாட்டாங்க டாக்டர்" என்றேன். ஏன் என்றார். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பிறவி ஆனது போல இருந்தது. "டாக்டர் அந்தம்மாவ நீன்னு சொல்லிட்டீங்க. இங்க எல்லாரையும் நீன்னு சொல்றீங்க. தமிழ்ல அது அவமரியாதைங்க. அதனாலதான் யாருமே வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் மலையாளமும் தமிழும் கலந்து சொன்னதன் சாரம் இது. அவர்கள் பக்கத்தில் பெரியவர்களையோ மேலதிகாரியையோ யாரும் 'நிங்ஙள்' என்று நேருக்கு நேர் சொல்வதில்லை. சார், டாக்டர், சேச்சி என்று சொல்லி ஒப்பேற்றுவார்கள். சண்டை போடும்போதுதான் அந்தச் சொல் வரும். தமிழ் 'நீங்க'வும் அதே மாதிரி காதில் விழுந்ததால், அந்த ஏழைச் சனங்களை அப்படிக் குத்திப் பேசக் கூடாது என்று கவனமாக விலக்கி, அன்பாக இருக்கட்டும் என்று 'நீ' போட்டிருக்கிறார். பிறகு தயங்கித் தயங்கி, "ஆத்ய திவசம் முதல் சிஸ்டர் என்னை நிங்ஙள் என்றல்லே விளிச்சது? ஞான் விசாரிச்சு, சிஸ்டருக்கு என்னைக் கண்டாலே வெறுப்பு என்று" என்றார். முதல் நாளிலிருந்தே நான் அவரை வெறுப்பதாக நினைத்திருக்கிறார். அந்த வெறுப்புக்காரியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துதான் அறைக்குள்ளேயே தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் பாலக்காட்டுக் கடைத்தெருவில் மலையாளிகளே 'நிங்ஙள்' என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள் டாக்டர் என்று சொன்னேன். ஒரே மாநிலம்தான். இரண்டு மாவட்டம் தாண்டியதும் மரியாதை வசவாகிவிட்டது. நான் கும்பிடு கும்பிடு என்று கும்பிட்டது அவருக்கு அறை அறை என்று விழுந்திருக்கிறது. இருவரும் பயந்த சுபாவம் என்பதால் இரண்டு பேருமே வாய் திறந்து கேட்கவில்லை. நின்று பேச நேரமில்லை. ஜீப் வெளியே நின்றுகொண்டிருந்தது.

மலை ஏறும் வழியெல்லாம் டாக்டர் பாடம் படித்துக்கொண்டே வந்தார். "நீங்க வாங்க. நீங்க உக்காருங்க" என்று சொல்லிப் பார்ப்பார். உடனே கூச்சப்பட்டு, சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது சிஸ்டர் என்பார். எனக்கோ கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வீட்டு முற்றத்தில் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈர மண்ணில் நின்றார்.  "அம்மா, நீங்க... நீங்க கோபப்படவேண்டா. எனக்குத் தமிழ் சரியா அறியில்லா. அன்னிக்கு நீங்க வெளியே இருங்கன்னு சொல்லணும். தப்பாச் சொல்லிப்போச்சு. நீங்க என்னை திட்டிக்கோங்க. குட்டியை மட்டும் எங்கூட அனுப்புங்க" என்றார். இத்தனை நீங்களை ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் உள்ளே போனார். போனவர் திரும்பி வர ஆன நேரம் முழுவதும் நான் ஊரில் இருக்கிற எல்லாச் சாமியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வெளியே வரும்போது மருமகளைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்.

மேலே சொல்வதற்குள் எனக்கே பதற்றம் தாங்காது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நான் எங்கள் ஊர்ப்பக்கமே மாற்றலாகி வந்துவிட்டேன். டாக்டர் அவருடைய மாவட்டத்தில் இருக்கிறார். சிக்கலான கேஸ் வந்தால் இன்றும் நான் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அவரும் தமிழ் நோயாளி வந்தால் என்னைக் கூப்பிட்டுப் போனை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். மற்றபடி என் சுபாவம் ஒன்றும் மாறிவிடவில்லை. புது அதிகாரி வந்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கத்தான் செய்கிறது. ஆனால் யாராவது முகத்தைச் சுளித்தால், மனதுக்குள் நாடகம் போடாமல், என்ன தப்பாகச் சொன்னேன் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

ஆனால் அன்றைக்கு அந்த ஜீப்பில் எதுவும் நிச்சயமில்லை. காட்டு வழியில் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தோம். மருமகள் மாமியாரின் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடியிருந்தாள். எதிரில் டாக்டர் அவள் நாடியைப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் உதடு வறண்டிருந்தது. மாமியார் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒன்றை எடுத்து டாக்டரின் பக்கம் நீட்டி, "காலையில இருந்து நீ ஒண்ணும் திங்கலயே தாயி. இந்தா, தின்னு" என்றார்.

டாக்டர் திடுக்கிட்டு என் பக்கம் சாய்ந்தார். கண்ணில் பழைய பயம். "சிஸ்டரே, என்னை நீ என்று விளிச்சல்லோ. இவர்க்கு இன்னும் தேஷ்யம் தீர்ந்நில்லே?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"கோவமெல்லாம் தீந்துபோச்சுங்க டாக்டர்" என்றேன். "அதான் நீன்னு கூப்புடறாங்க."