எலுமிச்சம்பழத்தின் முன் நின்ற வண்டி

சென்ற ஆண்டு ஏப்ரல், மே இரண்டு மாதங்களும் என் வீட்டு மனிதர் ஒருவரையே திருடனைப் போலக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிதோறும் அம்மன் முன் கைகூப்பி நின்றபோதும் மனம் அவரைத்தான் வேவு பார்த்தது. அன்பர்களே, அப்படிப்பட்ட மனத்தின் வேண்டுதலுக்கும் தாய் செவி கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தேதிகள் முக்கியம். அலுவலகத்தில் கோப்புகளைப் பராமரித்தே தலை நரைத்தவன். மனைவி காலமான பிறகு சரித்திரப் புத்தகங்கள்தான் துணை. என் தகப்பனாருக்கு வயது எண்பத்து நான்கு. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் தீவுக்கு அக்கரையில் உள்ள ஜொகூர் பாருவைத் தாண்டி வடக்கே போனதே இல்லை. "கண்ணு தெரியிறப்பவே எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா" என்றார். அதனால் ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு தலைமுறையும் ஒரே வண்டியில் மலேசியாவைச் சுற்றிவருவதென்று முடிவு செய்தோம். அப்பா, நான், என் மகள் மலர், மாப்பிள்ளை செந்தில், பேரப்பிள்ளைகள் இருவர். மலாக்காவின் பழைய கோட்டை வாசல், தைப்பிங்கில் போரில் இறந்தவர்களின் கல்லறைகள், கடைசியாகக் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் என்று நான் படித்த மண்ணில் அப்பாவின் கால் பட வேண்டும் என்பது என் ஆசை.

வண்டி மாப்பிள்ளையுடையது. ஏழு பேர் உட்காரலாம். எங்களில் ஓட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் இயக்குகிறவர்.

ஏப்ரல் 12, சனிக்கிழமை. முதல் பயணத் திட்டத்தை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எல்லாம் செத்தவங்க எடமாவே இருக்கு. உசிரோட இருக்கறவன் ஒண்ணுக்குப் போறது எத்தன மணிக்குடா?" என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து திட்டம் தேயத் தொடங்கியது. "மாமா, சாயங்காலத்துல மலாக்கா வேணாம் லா, ஜாம் ஆயிடும்." "மாமா, தைப்பிங் ரொம்ப தூரம். நடுவுல ரெண்டு நாள் தங்கிட்டுப் போலாமே." எல்லாமே நியாயமான காரணங்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. ஆறாவது திட்டத்தில் மூன்று இடங்களே மிச்சம். அதிலும் வண்டி எங்கும் நிற்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதே இல்லை.

இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு சிறு குறிப்பேடு வாங்கினேன். "ஏப்ரல் 27: வண்டி ஒர்க்‌ஷாப்பில் என்றார். எந்த ஒர்க்‌ஷாப் என்றதும் பேச்சை மாற்றினார்." "மே 4: இன்றும் எம்ஆர்டி ரயிலில் வந்தார்கள்." மே 8, வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஜூரோங்குக்குப் போனேன். அவர்கள் குடியிருக்கும் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில், நாலாவது தளத்தில், வண்டி நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கத் தூசி. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். பல நாளாக நகராத வண்டி என்று எழுதிக்கொண்டேன்.

கிழவரைக் கூட்டிப்போக அவருக்கு விருப்பமில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, வேலை போய்விட்டதோ என்று. அதற்கப்புறம் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன். மலரிடம் கேட்டேன். "அவரு நல்லாத்தான் இருக்காரு, அப்பா. நீங்க சிஐடி வேல பாக்காதீங்க லா, ப்ளீஸ்" என்றாள். இவளும் சேர்ந்து மறைக்கிறாள் என்று எழுதினேன். இந்தக் குடும்பத்தில் எனக்கென்று யாரும் இல்லை என்ற எண்ணம் அன்று வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் நான் வழக்கமாகப் போகும் அம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். மாப்பிள்ளையின் பெயரை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். "தாயே, இந்த மனுஷன் எங்களிடம் எதை மறைக்கிறான்? காட்டு" என்று கேட்டேன். காப்பாற்று என்று கேட்கவில்லை. காட்டு என்றுதான் கேட்டேன். அடுத்த இரண்டு வெள்ளியும் அதே வேண்டுதல். அதே பெயர் விடுபட்டது.

மே 24, சனிக்கிழமை, வாகன பூஜைக்கு ஏற்பாடு செய்தேன். பாதி பக்தி. அந்த வண்டி நகர்கிறதா என்று பார்க்கும் ஆசை மீதி. வண்டி வந்தது, கழுவித் துடைத்துப் பளபளவென்று. ஆனால் அதில் மாப்பிள்ளை மட்டும்தான் இருந்தார். மலரும் பிள்ளைகளும் எம்ஆர்டியில் வந்தார்கள். "முன்னாடி போய் பார்க்கிங் புடிக்கறேன்னாரு" என்றாள் மலர். ஆறு இருக்கை காலியாக இருக்க, பெற்ற பிள்ளைகளை எதற்கு ரயிலில் வரச்சொல்ல வேண்டும்? அதையும் குறித்துக்கொண்டேன்.

குருக்கள் வண்டிக்கு மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, தீபம் காட்டி, நான்கு சக்கரங்களின் முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தார். "எல்லாரும் ஏறுங்கோ. பழத்து மேல ஏத்திட்டு, அப்படியே கோயில ஒரு சுத்து சுத்தி வந்துடுங்கோ" என்றார். அப்பா முன் இருக்கையில் ஏறினார். பிள்ளைகள் பின்னால் குதித்து ஏறினார்கள். இன்ஜின் ஓடியது. வண்டி நகரவில்லை.

"என்ன மாப்பிள்ள, எலுமிச்சம்பழம் ரோட்ட கடக்கட்டும்னு காத்திருக்கியா?" என்றார் அப்பா.

மாப்பிள்ளை தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் பின்னாலிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். வெளியே நின்ற எனக்கு அவர் முகம் தெரிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சாவியை என் கையில் வைத்தார்.

"மாமா, என்னால முடியல. ரெண்டு தடவ ட்ராஃபிக் லைட்ல நின்னப்ப மயங்கிட்டேன். பின்னாடி ஹார்ன் அடிச்சப்பறம்தான் நெனவு வந்துச்சு. மலருக்கே தெரியாது."

"டாக்டர்கிட்ட போகல?"

"போனா கிரேன்லேர்ந்து எறக்கிடுவாங்க, வேலையும் போயிடும்னு பயம். நின்னு நின்னு ஓட்டுனா சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். ஆனா இவங்கள ஏத்திக்கிட்டு... முடியல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ள."

அவர் தலை நிமிரவில்லை. "சொன்னா தேதி போட்டு எழுதி வச்சுக்குவீங்க, மாமா."

குறிப்பேடு என் சட்டைப் பையில்தான் இருந்தது.

குருக்கள் நசுங்காத பழங்களைப் பொறுக்கி, ஒன்றை மாப்பிள்ளையின் கையில் வைத்து மூடினார். மலர் அழுதுகொண்டே டாக்சி கூப்பிட்டாள். நேராக மருத்துவமனைக்குப் போனோம்.

இதயத் துடிப்பு அவ்வப்போது சில நொடிகள் நின்று ஓடுகிறது என்றார்கள். பயணம் எங்கே என்று விசாரித்த டாக்டர், "ஹைவேயில இது நடந்திருந்தா..." என்று தொடங்கினார். பக்கத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாரமே துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தினார்கள். அவர் பயந்ததில் பாதி நடந்தது. கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆனால் வேலையிலிருந்து அனுப்பவில்லை. பட்டறை அலுவலகத்தில் வேறு பணி கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

குற்றவாளியைக் காட்டு என்று மூன்று வெள்ளி கேட்டேன். பயந்துபோன ஒரு தகப்பனை அவள் காட்டினாள். அவன் பயத்துக்கு நானும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே காட்டினாள். அந்த வண்டி பழத்தின் மேல் ஏறியிருந்தால், அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் நாங்கள் ஆறு பேரும் அதற்குள் இருந்திருப்போம்.

டிசம்பரில் விரைவுப் பேருந்து பிடித்து மலாக்கா மட்டும் போய்வந்தோம். ஏழாவது திட்டத்தை மாப்பிள்ளை எழுதினார். ஒன்றுக்குப் போகும் நேரம் மட்டும் அதில் ஐந்து முறை. கோட்டை வாசலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பா, "இம்புட்டுதானா? இதுக்கா நாலு தலமொறையும் கெளம்பி வந்தோம்?" என்றார். பிறகு குடிக்க ஐஸ் போட்ட செண்டோல் கேட்டார். கடாரம் இன்னும் பாக்கி இருக்கிறது. தாய் கூட்டிப்போவாள்.

குறிப்பேட்டில் மே 24க்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் நான் முதலில் சொல்வது செந்தில், உத்திராட நட்சத்திரம்.

அன்பர்களே, யார் மேலாவது சந்தேகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு அவள் சந்நிதிக்கு வாருங்கள். சுத்தமான மனத்தோடுதான் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்; நான் அப்படி வரவில்லை. ஆனால் அர்ச்சனைக்குப் பெயர் கேட்கும்போது, அந்த மனிதரின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.