டட்டில் எழுதிய சட்டம்

நடுவுநிலைமையைப் போற்றாதார் இல்லை. அதனோடு ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஒஹாயோ ஆற்றின் வடகரையில் லாக்போர்ன் மாவட்ட நீதிபதியாக இருந்த ஓரின் டட்டில்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் கேப்டன். டென்னசிக் காட்டில் தொடையெலும்பு நொறுங்கிக் கிடந்தவரைத் தோளிற் சுமந்து ஆறு கடந்தவன், ஏமஸ் ப்ரூயிட் என்னும் உழவன். ஊன்றுகோலோடு திரும்பிய டட்டிலை ஊரார் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். காவலரைக் கொன்றவனுக்குத் தூக்கே தண்டனை, அதைக் குறைக்க நீதிபதிக்கும் உரிமையில்லை என்னும் சட்டத்தை அங்கே எழுதியவர் அவரே.

"ஒரு ஜன்னலாவது வைய்யா, ஓரின்," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"ஜன்னல் வச்சா திருடன் அது வழியாத்தான்யா வருவான். இரக்கம் வேணும்னா சர்ச்சுக்குப் போம்!"

சபை சிரித்தது. அடுத்த தேர்தலில் மக்கள் அவரை நீதிபதியாக்கினர்.

ஆண்டுகள் கழித்து ஏமஸ் அவர்முன் குற்றவாளியாய் நின்றான். மகனைப் பிடிக்க வந்த காவலரை மிரட்டக் குடிபோதையில் அவன் சுட்ட குண்டு, அக்காவலர் நெஞ்சிற் பாய்ந்து அவரைக் கொன்றிருந்தது.

"வழக்கை வேற ஜட்ஜுகிட்ட தள்ளிடுங்க," என்றாள் டட்டிலின் மனைவி லவீனியா. "அவன் தூக்கிட்டு வரலேன்னா நான் இன்னிக்கு எவன் பொண்டாட்டியோ?"

"கிழவன் பயந்துட்டான்னு ஊரே பேசும். யாரு உக்காந்தாலும் இதே சட்டந்தானே, லவீனியா."

ஜூரிகள் குற்றவாளி என்றனர். தீர்ப்புக்கு முன் கைதியைக் கேட்பது நீதிமன்ற மரபு, டட்டிலும் கேட்டார்.

"தண்டனை குடுக்கக்கூடாதுன்னு சொல்ல ஏதாவது காரணம் இருக்கா?"

எத்தனையோ முறை வெறுஞ் சடங்காய்க் கேட்ட கேள்வி. அன்று மட்டும் அது மன்றாட்டாயிருந்தது. ஏமஸ் தலையைச் சொறிந்தான்.

"என்னக் கேட்டா எப்படி, கேப்டன்? சட்டம் படிச்சது நீங்க. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

கூடத்தில் சிலர் சிரித்தனர். டட்டில் நெடுநேரம் தேடினார். தாம் எழுதிய வாசகத்தில் ஓர் ஊசி நுழையவும் இடமில்லை. தண்டனையைக் கூறினார்.

பிறகு ஆளுநரிடம் நேரிற் போய் உயிர்ப்பிச்சை கேட்டார். "எழுதின நீங்களே இத வந்து கேக்கலாமா, ஜட்ஜையா?" என்று அவர் கைவிரித்தார்.

ஏமஸ் தூக்கிலிடப்பட்டான். அஞ்சாத நீதிபதி என்று ஊர் கொண்டாடியது. அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்த்து நிற்கவும் ஆளில்லை. வெற்றிச் செய்தி வந்த மாலை, லவீனியா ரொட்டியை அவர்முன் வைத்துவிட்டுத் தன் தட்டோடு அடுக்களைக்குப் போனாள். அன்றுமுதல் அவர் தனித்தே உண்டார்.

பேச்சற்றுப்போன அவ்வில்லத்தின்மேல் ஆண்டவரின் அருள் இறங்குக. அங்கு வாழ்வோர் இருவர்க்கும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கும் வலிமையேனும் வாய்க்க.