மகள் மிஸ்ஸிடம் சொன்னது

என் மகள் ஒன்பதாவது படித்தபோது சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு சயின்ஸ் டீச்சர் புதிதாகச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பெண் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் எடுப்பார். அதிலிருந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் "மிஸ் சொன்னாங்க" தான். அட்டையில் தேதி பார்க்காமல் மாத்திரை போடக் கூடாதாம். பக்கத்து வீட்டில் மிச்சமான சிரப்பைக் குடிக்கக் கூடாதாம். பிறந்ததிலிருந்து அவள் காய்ச்சலுக்கெல்லாம் கண்விழித்தவள் நான். வயிறு எரிந்தது.

ஒருநாள் ப்ரேயரில் மயங்கி விழுந்தாள். மறுநாள் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"பாப்பாவுக்கு என்ன?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"வெயில்தான் மேடம். காலைல ஒழுங்கா சாப்பிடறதில்ல."

"இரும்மா, நானே சொல்றேன்" என்றாள் மகள். நாலைந்து மாதமாக மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது, பத்து நாள் வரைக்கும் நிற்பதில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தயங்காமல் வரிசையாகச் சொன்னாள். டாக்டரம்மா அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை என்று தெரிந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ பயந்துடுவம்மா. மிஸ்கிட்ட போன வாரம் சொன்னேன். டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லணும்னு அவுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. உங்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க."

வாங்கிய மாத்திரை அட்டையை எடுத்துத் தேதி பார்த்தேன்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அந்த மிஸ்ஸைப் பார்த்தேன். நூல் புடவை, எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. "உங்க பொண்ணு தைரியமா கேக்குறா" என்றார். "வீட்ல வளர்த்தது அப்படி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் மகளுக்கு முகம் தெளிந்தது. ஒரு சாயங்காலம், நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு முதல்ல வந்தப்ப யார்கிட்டம்மா சொன்ன?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "யார்கிட்டயும் சொல்லல. ஏதோ நோவுன்னு நெனச்சு அழுதேன்" என்றேன்.

"அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்கன்னு மிஸ் சொன்னாங்க."

மறுபடியும் அவர்தான். இருந்தாலும் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, மீதியையும் சொன்னேன்.